வாசலைத் தாண்டிய குப்பை

வசந்தமலரின் கை சும்மா இருக்காது. அதுதான் அவளுக்குப் பலம், அதுதான் வினையும்.

ஒக்லாந்தின் எல்லர்ஸ்லியில் மிஸஸ் லம்மின் பழக்கடையில் அவளை ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமையோடு வாரம் முடிகிறது. ஒக்லாந்துக்கு வந்து எட்டு மாதம் அலைந்து கிடைத்த முதல் வேலை. எப்படியாவது நிலைத்துவிடவேண்டும் என்று அவள் தவித்தாள்.

எண்பத்தேழு ஜனவரியில் அந்த வியாழக்கிழமை சீன வருடப்பிறப்பு. அங்கே நவம்பரில் மட்டும்தான் வெடி விற்பார்கள்; அப்போது வாங்கி ஒளித்துவைத்த சீனவெடியை மிஸஸ் லம் வாசலில் கொளுத்தினார். பிறகு முன்னோருக்குக் கோழியும் தோடம்பழமும் படைக்க உள்ளே போய்விட்டார். கடை முழுக்கச் சிவப்புக் கடதாசித் துண்டுகள். நல்ல நாளும் அதுவுமாய் இப்படிக் கிடக்கலாமா? கூட்டி அள்ளி, பையில் கட்டித் தெருவில் வைத்து, வாசலுக்குத் தண்ணீரும் தெளித்தாள் வசந்தமலர்.

மிஸஸ் லம் திரும்பி வந்து தரையைப் பார்த்தார். இருவரும் பேசியது ஆங்கிலம்தான். மாலையில் கணவன் குலசிங்கத்திடம் அவள் சொன்ன தமிழில் அது இப்படி:

"தரையில கிடந்ததெல்லாம் எங்கை?"

"வெளிய போட்டிட்டன். ஒரு துண்டு இல்லை!"

மிஸஸ் லம் அப்பிள் பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இண்டைக்குக் கூட்டக்கூடாது, மலர். வந்த அதிர்ஷ்டம் வாசலால போயிடும். அஞ்சாம் நாள்தான் குப்பை வெளிய போகவேணும்."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். வசந்தமலருக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு வைத்த பிறகு கூட்டுவதற்குத் தும்புத்தடியைத் தொட்ட குலசிங்கத்தை, "சீதேவியைக் கலைக்கப் போறியளோ?" என்று வாங்கு வாங்கென்று வாங்கியவள் அவள். இன்று இன்னொருத்தி வீட்டுச் சீதேவியைத் தன் கையாலேயே அல்லவா தெருவில் விட்டிருக்கிறாள்! வேலை போனால் போகட்டும், இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

அந்த நேரம் பார்த்துக் குப்பை லொறி வந்தது.

ஓடினாள். பை லொறிக்காரன் கையில் இருந்தது. எட்டிப் பிடித்து இழுத்தாள்.

"இது குப்பையல்லோ?" என்றான் அவன்.

"உனக்குக் குப்பை. விடு!"

பையை அணைத்துக்கொண்டு வந்து வாசலில் கொட்டினாள். அங்கிருந்து உள்நோக்கிக் கூட்டி, கடை மூலையில் குவித்தாள். இழுபறியில் பை கிழிந்து தெருவில் சிந்தியதை அள்ளியபோது யாரோ தின்றுவிட்டுப் போட்ட பேஸ்ட்ரி உறையும் சேர்ந்து வந்திருந்தது.

"இது எங்கட இல்லையே," என்றார் மிஸஸ் லம்.

"கூட வந்தது கிடக்கட்டுமன்," என்றாள் வசந்தமலர், அழுதுகொண்டே.

மிஸஸ் லம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குவியலை ஒரு காலிப் பெட்டியால் மூடினார்.

"திங்கக்கிழமை அஞ்சாம் நாள். நீதான் வந்து கொட்டவேணும்."

"எனக்கு நாளையோட முடியுதே, மிஸஸ் லம்."

"போன அதிர்ஷ்டத்தை ஓடிக் கலைச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய். உன்னை விட்டிட்டு நான் ஆரைத் தேடுறது?"