டார்ப்லி துரை கொடுத்த விடுதலை

பர்வெல் டார்ப்லி அந்த மார்ச் மாதமே செத்திருக்க வேண்டியவர். வெள்ளம் வடியட்டும் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்காமல் குதிரையோடு ஆற்றில் இறங்கினார். நடு ஆற்றில் குதிரை கால் தவறியது. பின்னால் வந்த ஐஷம் குதித்து நீந்தி, கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்து, அவரைக் கரையில் இழுத்துப் போட்டான்.

ஐஷம் அவருடைய அடிமை. இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நடந்த யுத்தத்தில் இருவரும் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். ஒருவர் கட்டிலில், ஒருவன் தரையில். யுத்தம் முடிந்து தேசத்துக்குச் சுதந்திரம் வந்தது. டார்ப்லி வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த தன் பண்ணைக்குத் திரும்பினார். ஐஷமும் கூடவே திரும்பினான்.

அப்பன் காலத்தில் புகையிலை போட்டுப் போட்டு மண் செத்திருந்தது. டார்ப்லி கோதுமைக்கு மாறினார். வயலில் நாற்பது பேர் வரை வேலை செய்தார்கள். தன்னை நல்ல எஜமான் என்றே அவர் நினைத்திருந்தார். சாட்டையை அவர் கையால் தொட்டதில்லை. அந்த வேலையைக் கங்காணி கிரப்ஸ் களஞ்சியத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்துக்கொள்வார். வீடு வரைக்கும் சத்தம் கேட்காது.

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துக்குச் சுற்றுப்பட்டுப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்றாவது கோப்பை ஒயினுக்கு அப்புறம் டார்ப்லி எழுந்து நின்றார்.

"என் உசுரக் காப்பாத்தினவனுக்கு நான் என்ன குடுத்தாத் தகும்? இன்னையிலேருந்து ஐஷம் சுதந்திர மனுஷன்."

மேஜையைத் தட்டி ஆரவாரித்தார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் விங்ஃபீல்ட், "இந்த மனசு யாருக்குய்யா வரும்" என்றார். ஐஷம் பன்றித்தொடைக் கறித் தட்டோடு நின்றிருந்தான். முழங்காலில் விழுவான், குறைந்தபட்சம் கண் கலங்குவான் என்று டார்ப்லி எதிர்பார்த்தார். அவன் "நன்றி தொரை" என்று சொல்லிவிட்டு அடுத்த விருந்தாளிக்குக் கறி பரிமாறப் போனான்.

மறுநாள் காலை சவரம் செய்யும்போது ஐஷம் கேட்டான். "தொரை, ஒண்ணு பேசலாமா?"

"பேசு. இப்ப உன்ன யார் கேக்கறது?"

"போன வருஷம் ஒரு சட்டம் போட்டாங்களே. விடுதலையான கறுப்பன் ஒரு வருஷத்துக்கு மேல வர்ஜீனியால தங்கக்கூடாது, தங்கினா புடிச்சு மறுபடி வித்துருவாங்கன்னு."

அந்தச் சட்டம் டார்ப்லிக்குத் தெரியும். நல்ல ஏற்பாடு என்று விங்ஃபீல்டிடம் சொன்னதும் அவர்தான். அந்தச் சட்டத்தையும் ஐஷமையும் சேர்த்து அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"சூக்கியும் புள்ளைங்களும் எங்கூட வருவாங்களா தொரை?"

சூக்கி ஐஷமின் பெண்டாட்டி, வீட்டுத் தையல்காரி. அவளுக்கு இரண்டு சின்னப் பெண்கள். மூத்த மகன் டேவியை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கொல்லன் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

"சூக்கி எம்பொண்ணு லூசிண்டாவுக்குன்னு அவ கல்யாணத்துலயே பேசினது. மாப்பிள்ளை வீடு கட்டி முடிச்சதும் அங்க போகணும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும் தொரை. அப்ப என்னையும் பழையபடியே வச்சுக்குங்க."

டார்ப்லி நுரை அப்பிய முகத்தோடு திரும்பினார். "என்னடா சொல்ற?"

"எனக்கு விடுதலை வேண்டாங்கறேன். இல்லேன்னா அவங்களையும் சேத்து விடுங்க."

"ஊரக் கூட்டி வச்சுக் குடுத்தேன். மறுநாளே வேலைக்காரன் வேண்டாம்னுட்டான்னு நான் வீடு வீடாப் போய்ச் சொல்லணுமா? கோர்ட்டுல பதிஞ்சு பத்திரம் வாங்கித் தரேன். வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ."

ஐஷம் கத்தியைத் துணியில் துடைத்தான். "சரி தொரை. மொகத்தக் கொஞ்சம் தூக்குங்க" என்றான்.

டார்ப்லி கல்நெஞ்சக்காரர் இல்லை. மகளிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "உங்க தாராளமெல்லாம் என் பங்குலேருந்துதானாப்பா?" என்றாள் லூசிண்டா. அதோடு விட்டுவிட்டார். சட்டசபைக்கு மனுப் போட்டால் ஐஷம் தங்க அனுமதி கிடைக்கலாம் என்று விங்ஃபீல்ட் சொன்னார். அறுவடை முடியட்டும் என்றார் டார்ப்லி. அறுவடை முடிந்ததும் மூட்டுவாதம் வந்து காலைப் பிடித்தது. எப்படியும் ஐஷம் போகமாட்டான், எங்கே போவான் என்று அவர் பாட்டுக்கு இருந்துவிட்டார்.

அடுத்த ஜூனில் ஐஷம் புறப்பட்டான். பட்டப்பகலில், விடுதலைப் பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றான். டார்ப்லி தன் பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் போற?"

"ஒஹையோ பக்கம் தொரை. அங்க நெலம் சும்மா கெடக்குதாம்."

"குளிர் தாங்குவியா?"

"பழகிரும் தொரை."

அவன் சாலைத் திருப்பம் வரை போவதை அவர் நின்று பார்த்தார். திரும்பிப் பார்க்காமலே போனான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெத்தடிஸ்ட் பிரசங்கக் கூட்டத்துக்குப் போக அடிமைகள் எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். போனவர்கள் எல்லோரும் சாயங்காலம் திரும்பினார்கள். சூக்கியும் இரண்டு பெண்களும் திரும்பவில்லை. கிரப்ஸ் ஓடிவந்து சொன்னபோது டார்ப்லி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஒஹையோ ரோட்டப் புடிங்க. அவன் வாயாலயே எங்கிட்டச் சொன்னான்."

ஆட்கள் நாய்களோடு மேற்கே போனார்கள். மலை தாண்டியும் தேடிவிட்டு, நொண்டும் குதிரைகளோடும் வெறுங்கையோடும் வந்தார்கள். அந்தப் பாதையில் ஐஷமைப் பார்த்தவர்களே இல்லை.

"அவன் மேற்கயே போகல தொரை" என்றார் கிரப்ஸ். "உங்ககிட்ட கத விட்டுருக்கான்."

இதைத்தான் டார்ப்லியால் தாங்க முடியவில்லை. சூக்கி போனது மகளுடைய நஷ்டம். ஆனால் ஐஷம் அவரிடம் பொய் சொல்லிவிட்டான். முப்பது வருஷமாகத் தினமும் தன் கழுத்தை அவன் கையில் கொடுத்துச் சவரம் செய்துகொண்ட ஆளிடம். அவருக்குச் சோறு இறங்கவில்லை. லூசிண்டா ஒருபக்கம் சூக்கிக்கு ஈடு கேட்டு நச்சரித்தாள். அந்த வாரம் ஜார்ஜியா வியாபாரி ஒருவன் கோர்ட் இருக்கும் ஊரில் அடிமைகளை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தான். டார்ப்லி பட்டறைக்கு ஆள் அனுப்பி டேவியை வரவழைத்தார்.

பையனுக்குப் பதினாறு வயது. அப்பன் முகம் அப்படியே இருந்தது. "நான் என்ன தப்புப் பண்ணினேன் தொரை?" என்று கேட்டான்.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றார் டார்ப்லி. அது உண்மைதான். வியாபாரி டேவியை மற்றவர்களோடு சங்கிலியில் கோத்துத் தெற்கே நடத்திப்போனான்.

இரண்டு வருஷம் கழித்து விங்ஃபீல்ட் பிலடெல்பியா போய்விட்டு வந்தார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க எனக்கு யார் சவரம் பண்ணினான்னு சொல்லும் பார்ப்போம். உம்ம ஐஷம். சொந்தக் கடை வச்சிருக்கான். படகு புடிச்சுக் கடல் வழியாப் போயிருக்கான். வாசல்ல பெரியவளாட்டம் ஒரு பொண்ணு நின்னா. சூக்கியே உரிச்சு வச்ச மாதிரி."

டார்ப்லி கோப்பையைக் கீழே வைத்தார். "உம்மத் தெரிஞ்சுதா அவனுக்கு?"

"தெரியாமயா? மொகம் செத்துப்போச்சு. ஆனா சவரத்த நிறுத்தல."

"என்னப் பத்திக் கேட்டானா?"

"இல்லய்யா. டேவி நல்லாருக்கானான்னு மட்டும் கேட்டான். பட்டறையில இப்ப தேர்ந்துருப்பானே, காசு சேத்து அவன வாங்கிக்கலாம்னு இருக்கேன், தொரை குடுப்பாரான்னான். உம்ம வீட்டு விவகாரம் எனக்கென்ன தெரியும்? நல்லாத்தான் இருப்பான், எழுதிக் கேளுன்னு சொல்லிட்டேன்."

டார்ப்லி ஜன்னல் பக்கம் பார்த்தார். கோதுமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஆள் அனுப்பினா சூக்கியையும் பொண்ணுங்களையும் புடிச்சிட்டு வந்துரலாம்" என்றார் விங்ஃபீல்ட். "சட்டம் நம்ம பக்கம். கடை இருக்கற தெருகூட எனக்குத் தெரியும்."

பிடித்து வரலாம்தான். சூக்கி வந்தால் ஐஷமும் பின்னாலேயே வருவான். இதே வாசலில் நின்று, டேவி எங்கே தொரை என்று கேட்பான்.

"வேண்டாம், விட்டுரும்" என்றார் டார்ப்லி. "லூசிண்டாகிட்ட இது மூச்சு விடாதீர்."

விங்ஃபீல்ட் எழுந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். லூசிண்டாவிடம் அவர் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னார். ஓடிப்போனவர்கள் இருக்கும் இடம் தெரிந்தும் டார்ப்லி மன்னித்து விட்டுவிட்டார் என்று அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

டேவியைப் பற்றிக் கேட்டு ஐஷமிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்றும் வந்தது. டார்ப்லி பதில் போடவில்லை. வியாபாரியின் பெயரையாவது எழுதி அனுப்பலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தார். பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. கிரப்ஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.