பின்வழிக் குழாய்

“பம்ப், மருந்து விடு” என்றார் பெரிய டாக்டர்.

அவள் குமிழைத் திருகினாள். பனிக்கட்டித் தொட்டிக்குள் சுருண்டு கிடந்த குழாய் வழியாக, மருந்து கலந்த குளிர்ந்த ரத்தம் கிளம்பிப் போனது. அந்த அறையில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குகிறவர் என்று நீட்டி முழக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. பம்ப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள் பம்ப், அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாத நாற்காலி அது. நெஞ்சு திறந்து படுத்திருக்கிறவரின் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது, அவர் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைச் சுற்றிவிடுவது அவள் முன்னால் உருளும் உருளைகள்தான். புலிவாலைப் பிடித்த கதை. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாற்றி உட்கார முன்பு ஒருத்தி இருந்தாள். அவள் கல்யாணமாகிப் போனபிறகு ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

படுத்திருந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் உள்ளே கொண்டுவந்தபோது எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். பிள்ளைகளைக் கூட்டிவர வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் பள்ளிக்கூடம் விடும் நேரம் அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. மயக்க மருந்து டாக்டரும் பம்ப் அம்மாவும் கணவன் மனைவி என்று நர்ஸ் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப மூச்சு ஐயா கையில, ரத்தம் அம்மா கையில. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காம இருந்தா நான் பொழச்சேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

சண்டை என்றும் அதைச் சொல்ல முடியாது. சண்டை போட்டால் ஒரு நாளில் தீர்ந்துபோகும். வேறு ஊரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பம்ப்புக்கு மூன்று பேர். பல்வலி வந்தால் விடுப்பு எடுக்கலாம். அவள் அதைச் சொன்னபோது அவள் கணவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துண்டை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்துவிட்டு, “உன் இஷ்டம்” என்றார். போகாதே என்றிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். நானும் வருகிறேன் என்றிருந்தால் அழுதிருப்பாள். உன் இஷ்டம் என்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றைக்குப் பூட்டிய வாய்தான் இரண்டு பேருக்கும். அதற்குப் பிறகு வீட்டில் மகள்தான் தபால்காரி. “அம்மா, வண்டிச் சாவி எங்கேன்னு அப்பா கேக்கறாங்க” என்று வந்து நிற்பாள், அப்பா இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டிருக்கும்போதே. இன்று மாலைக்குள் பதில் சொல்கிறேன் என்று அவள் அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லியிருந்தாள். வருகிறேன் என்றுதான் சொல்லப்போகிறாள். அது மகளுக்கும் இன்னும் தெரியாது.

இந்த அறைக்குள் மட்டும் பேசித்தான் ஆகவேண்டும். ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால், கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். அப்போதுதான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

“பின்வழி பிரஷர் முப்பத்தஞ்சு” என்றாள்.

“முப்பத்தஞ்சு” என்றார் அவர், தலைமாட்டிலிருந்து.

வெட்கக்கேடுதான். ஆனால் சில நாட்களில் அந்த முப்பத்தஞ்சைக் கேட்பதற்காகவே அவள் காத்திருந்ததுண்டு.

வேன்காரரின் இதய ரத்தக்குழாய்களில் பாதி அடைத்துக் கிடந்தது. இதயத்தைத் தூங்க வைத்துக் காப்பாற்றுகிற மருந்தை, ரத்தம் ஓடுகிற முன்வழியாக விட்டால் அடைப்புக்கு அப்பால் போகாது. அதனால் பின்வழி. இதயத்தின் முதுகுப்பக்கம் இருக்கும் பெரிய சிரைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதன் நுனியிலிருக்கும் குட்டி பலூனை ஊதி நிறுத்தி, மருந்தைத் தலைகீழாக ஏற்றுவார்கள். பலூன் சிரையின் வாசலிலேயே நிற்க வேண்டும். வெளியே நழுவினால் பிரஷர் விழுந்துவிடும். யாரும் சொல்லாமலே தெரியும். உள்ளே போய்விட்டால்தான் வம்பு. எண் நன்றாகத்தான் இருக்கும், இதயத்தின் இடதுபாதி குளிரக் குளிர மருந்தைக் குடிக்கும், வலதுபாதி பட்டினி கிடக்கும்.

பின்பக்கம் மாற்று ரத்தக்குழாயைத் தைப்பதற்காகப் பெரிய டாக்டர் இதயத்தைக் கையிலேந்தித் தூக்கினார். எண் நாற்பத்தெட்டுக்கு ஏறியது. தூக்கினால் ஏறும், அது வழக்கம்தான். அவள் சொன்னாள், அவள் கணவர் திருப்பிச் சொன்னார். தையல் முடிந்து இதயத்தைக் கீழே வைத்தார்கள். எண் முப்பத்தஞ்சுக்குத் திரும்பவில்லை. நாற்பத்துநாலில் நின்றது. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் தப்பில்லை என்பது கணக்கு, கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் அவள் கண் அந்த எண்ணைவிட்டு நகரவில்லை.

“நாற்பத்துநாலு” என்றாள்.

அவள் கணவர் எக்கோத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை வழியாக இறக்கியிருந்த அந்தக் கருவியில் சிரையும் பலூனும் நிழலாகத் தெரியும். நிமிர்ந்து, மறைப்புத் துணிக்கு மேலே அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பலூன் எங்கே இருக்கிறது, ஒரு தடவை பாருங்கள் என்று கேட்டால் போதும். அவரிடம் எதையும் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவராகவே சொல்லட்டும் என்று நினைத்தாள். பூனைக்கு மணி கட்டுவதை ஒருவர் மற்றவருக்கு விட்டுவைத்தார்கள்.

“நாற்பத்துநாலு” என்றார் அவர்.

அதற்குப் பிறகும் பின்வழியாக மருந்து விட்டார்கள், ஒவ்வொரு முறையும் அதே எண்தான். தையல்கள் எல்லாம் முடிந்து, பெருநாடியை மூடியிருந்த கவ்வியை எடுத்துச் சூடான ரத்தத்தை உள்ளே விட்டதும் இதயம் நடுங்கி, விழித்து, துடிக்கத் தொடங்கியது. இறங்கலாம் என்றார் பெரிய டாக்டர். பம்ப் சுமந்துகொண்டிருந்த பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இதயத்திடம் ஒப்படைப்பதற்கு அப்படித்தான் பெயர். நாலு லிட்டர், மூன்று, இரண்டு என்று அவள் சொல்லிக்கொண்டே குறைத்தாள். இடப்பக்கம் இழுத்து இழுத்து வேலை செய்தது. வலப்பக்கம் ரத்தத்தை வாங்கிக்கொண்டு, தள்ளத் தெரியாமல் உப்பியது. உப்ப உப்ப அதன் அசைவு குறைந்தது.

“ஏறு, ஏறு. முழுசா எடுத்துக்கோ” என்றார் பெரிய டாக்டர்.

குமிழைத் திருகி ஏற்றினாள். மருந்துகளை மாற்றினார்கள், காத்திருந்தார்கள், மறுபடி இறக்கிப் பார்த்தார்கள். மறுபடி உப்பியது. அவளுக்கு முதுகு மரத்துவிட்டது. உள்ளங்கை வேர்த்துக் கையுறைக்குள் வழுக்கியது. அவள் எழுந்தால் வேன்காரர் செத்துப்போவார். உட்கார்ந்தே இருந்தாலும், நேரம் ஆக ஆகப் பம்ப்பே ரத்தத்தைக் கெடுத்துவிடும். வெளியே போய்வந்த நர்ஸ், வேன்காரரின் மனைவி எதுவும் கேட்கவில்லை, கணவரின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

பெரிய டாக்டர் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அந்த வலப்பக்கத்தையே பார்த்தார். கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

“தையல்ல குத்தமில்ல. ரத்தம் நல்லா ஓடுது. அப்புறம் ஏன் இது மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது?”

அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமில்லை, அந்த வேலையைத்தான் அவளே விட்டுப் போகப்போகிறாளே. சொல்லாமல் இருந்துவிட்டால் இன்னொரு ஊருக்குப் போனாலும் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முடியாது என்று தோன்றியது.

“இதயத்தைக் கீழ வச்சப்புறம் பிரஷர் பழைய இடத்துக்கு இறங்கல சார். பலூன் உள்ள போயிருச்சோன்னு எனக்குச் சந்தேகம் வந்தது. நான் கேக்கல.”

“போயிருந்தது சார்” என்றார் அவள் கணவர். “எக்கோல பார்த்தேன். எல்லார் முன்னாடியும் அவமேல குத்தம் சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு… நான் சொல்லல.”

கருவிகளை எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய டாக்டர் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

“நானும் விரலை விட்டுப் பலூனைத் தொட்டுப் பார்த்திருக்கணும். பார்க்கல” என்றார் கடைசியில். “மூணு பேர் இருந்து மூணு பேரும் கோட்டை விட்டிருக்கோம். சரி. பட்டினி கெடந்தவனை எழுப்பி ஓடச் சொன்னா எப்படி ஓடுவான்? நல்லா ஓய்வு குடு. அப்புறம் பார்ப்போம்.”

ஓய்வு இதயத்துக்குத்தான். அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். கருஞ்சிவப்பாக வந்த ரத்தம் பளிச்சென்று சிவந்து திரும்பிப் போனது. அலமாரிக்குள் அவளுடைய போன் இரும்புத் தட்டில் அதிர்ந்து நின்றது, மறுபடி அதிர்ந்தது. அந்த ஊர்க்காரர்களின் அழைப்புதான் என்று அவளுக்குத் தெரியும். தலைமாட்டிலிருந்தவருக்கும் தெரிந்திருந்தது என்பது, அவர் அலமாரியைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்ததில் தெரிந்தது. எடுத்துப் பேசுகிறீர்களா அக்கா, காதில் வைத்துப் பிடிக்கவா என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வேன்காரர் கேட்ட நேரம் தாண்டிவிட்டது. பிள்ளைகளை வேறு யாரோ ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

“இறங்கிப் பார்ப்போமா?” என்றார் பெரிய டாக்டர்.

அவள் குமிழில் கை வைத்தாள். “மூணு லிட்டர்” என்றாள். “மூணு” என்றார் அவள் கணவர். “ரெண்டு.” “ரெண்டு.” வலப்பக்கம் உப்பத் தொடங்கியது. அவள் விரல்கள் தாமாகவே ஏற்றப் போயின.

“இரும்மா” என்றார் அவள் கணவர். எண்ணில்லாத சொல். “அவசரப்படாத. நான் பார்த்துட்டேதான் இருக்கேன். இன்னும் கொஞ்சம் இறக்கு.”

அவள் இறக்கினாள். உப்பிய இடத்தின் ஓரத்தில் துடிப்பின் மெல்லிய சுருக்கம் ஒன்று ஓடியது. ஓடி நின்றது. மறுபடி ஓடியது. ஒரு லிட்டரில் குமிழைப் பிடித்தபடி, அதற்குமேல் இறக்கவும் ஏற்றவும் முடியாமல், அவள் அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் திரையை விட்டுவிட்டு, துணிக்கு மேலே எட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரிக்குள் போன் மூன்றாவது முறையாக அதிரத் தொடங்கியது.