பன்னிரண்டு மணி ரயில்

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியலெட்சுமி கொழுந்து பறிக்கும் மலைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா! ஒன் கொழுந்தன் ஒம் மக புஷ்பத்தத் தூக்கிட்டு வெடியக்காலையிலயே வண்டியேறிட்டானாம். அப்புத்தளையில பன்னெண்டு மணி ரயிலு. ஊருக்கே போறானாம்!"

கருப்பம்மாவின் கூடை சரிந்து விழுந்தது. புருஷன் செத்ததிலிருந்தே, அண்ணன் மகள் எங்கள் ரத்தம் என்று கொழுந்தன் லிங்கம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பிள்ளையில்லாதவன். வாயோடு போய்விடும் என்று இவள் நம்பியதுதான் மடத்தனம்.

கணக்கப்பிள்ளை கையில் பிரம்போடு வந்தார்.

"ரயிலேறிட்டா நாளைக்குத் தலைமன்னார். அங்க கப்பலேறினா ரெண்டு மணி நேரத்துல அக்கரை. கடலத் தாண்டிட்டா பிள்ளைய மறந்துற வேண்டியதுதான்."

"அப்புத்தளை எம்புட்டுத் தூரமுங்க?"

"காக்கா பறந்தா ஆறு மைல். வண்டி ரோட்டுல பதினாலு. நீ என்ன காக்காவா? போனா இன்னைக்குப் பேர் விழாது, பாத்துக்க."

பேராம் பேர்! பெற்ற வயிறு பற்றி எரியும்போது ஒரு நாள் சம்பளத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார் மனுஷன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்து மணி அப்போதுதான் எட்டு அடித்து ஓய்ந்திருந்தது.

கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்புத்தளை மலை கைக்கெட்டும் தூரம்தான். ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ரோட்டை விட்டுவிட்டுக் குறுக்கே ஏறினாள். தேயிலைத் தூர் காலைக் கிழித்தது, அட்டை கடித்தது, ஓடையில் ஒருமுறை வழுக்கி விழுந்தாள். நிற்கவில்லை.

உச்சிக்கு இன்னும் அரை மைல் இருந்தது. அவள் வேலை செய்யும் தோட்டத்துத் துரைக்கே சொந்தமான மேல் தோட்டத்தில் மணி அடித்தது. எண்ணினாள். பன்னிரண்டு.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. பிறகு, ரயில் போன தடத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தாள். வேறு எங்கே போவது?

ஸ்டேஷனில் கூட்டம் கலையவில்லை. பெஞ்சில் லிங்கம். மடியில் புஷ்பம், கையில் பாதி தின்ற பணிஸ். அவன் போர்ட்டரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்: "பன்னெண்டு அடிச்சு எம்புட்டு நேரமாச்சு! ரயிலக் காணோமே?"

போர்ட்டர் மர்ஸூக் சிரித்தார். "அது தோட்டத்து மணி. அரை மணி முந்தி ஓடும். நீங்க வெள்ளனவே பெரட்டுக்கு வந்து வேலைக்கு நிக்கணும்னு துரை வச்ச மணி. ரயிலுக்கு இன்னும் கால் மணி இருக்கு."

"அம்மா!" என்று புஷ்பம் குதித்தாள். லிங்கம் அவள் கையை எட்டிப் பிடித்தான்.

"விடு" என்றாள் கருப்பம்மா. "நான் பெத்த பிள்ளை. விடுடா!"

கூட்டம் திரும்பியது. மர்ஸூக் ஓரடி முன்னே வந்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு லிங்கம் கையை விட்டான். ரயில் வந்ததும் தனியாக ஏறினான். இவள் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். விடியலில் தூங்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிய நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. நாள்தோறும் அரை மணி திருடியிருக்கிறார்கள், பாவிகள். இன்றைக்கு அந்த அரை மணிதான் கிடைத்தது. அதற்காக நன்றி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மேல் தோட்டத்தில் மணி ஒன்று அடித்தது.

"மணி அடிச்சிருச்சும்மா, ஓடு" என்றாள் புஷ்பம்.

"அடிக்கட்டும்" என்று கருப்பம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். "நமக்கு இன்னும் அரை மணி இருக்கு."