மேலுள்ள யாவும்

பழைய நீரேற்று நிலையமும் அதைச் சுற்றியிருந்த பதினோரு ஏக்கர் நிலமும் இருபது வருடம் ஒரே பிற்பகலில் இருந்தன. மணி மூன்று நாற்பது. வேலிக்கு இந்தப் பக்கம் ஊரில் பொழுது விடிந்தது, சாய்ந்தது, சிமென்ட் விலை மூன்று மடங்கானது, இரண்டு பாலங்கள் கட்டப்பட்டு அதில் ஒன்று விழுந்தது. அந்தப் பக்கம் வெயில் மேற்கே சாயத் தொடங்கியதோடு சரி. குளத்தில் ஒரு கொக்கு தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. குளத்துக்கு மேலே ஒரு மேகம் இதோ கொட்டப்போகிறேன் என்று கறுத்து நின்றது, கொட்டவில்லை. வேலியை ஒட்டிய தெருவில் எந்நேரமும் வெளிச்சம் இருந்ததால் நகராட்சி அங்கிருந்த மூன்று விளக்குக் கம்பங்களைப் பிடுங்கி வேறு தெருவில் நட்டது. அந்தத் தெருக்காரர்கள் துணி உலர்த்த நேரம் காலம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நகராட்சி எழுத்தரின் கணவனும் அந்தப் பிற்பகலுக்குள்தான் இருந்தான்.

அதற்கு முன்பு நடந்தது இது. ஊரில் இருந்த காலி நிலம் ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்தது. பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருந்தன. மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்று வீட்டு வரியோடு நூற்றுக்கு இரண்டு சேர்த்து வசூலிக்க நகராட்சி முடிவு செய்தது. நிலத்தை வாங்கிப் பாதுகாக்கவும் பழைய கட்டடங்களைச் செப்பனிடவும் அந்தப் பணம். பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊர் வாக்களித்தால்தான் வரி தொடரும் என்பது நிபந்தனை. இந்த யோசனையை எழுதிக் கொடுத்தது எழுத்தர்தான். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வீடு வீடாக ஏறி இறங்கி, கதவைச் சாத்தியவர்களிடம் ஜன்னல் வழியாகப் பேசி, அந்த வரிக்கு ஊரைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். ஊருக்கு முதன்முதலில் குழாயில் தண்ணீர் தந்த அந்த நீரேற்று நிலையமும், இன்னும் வற்றாத அந்தக் குளமும் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போகவிருந்தன. முதல் வருட வரிப்பணத்தில் நகராட்சி முந்திக்கொண்டு வாங்கியது.

அந்த நிலத்தைக் காக்கும் தீர்மானம் நிறைவேறவிருந்த நாள் காலையில் வீட்டில் சண்டை. அவள் கணவன் குழாய் வேலை செய்பவன், முப்பத்து நான்கு வயது, கைராசிக்காரன் என்று பெயர். அவனுக்கு வேறொரு நகரத்தில், ஒரு பெரிய மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அந்த வாரமே சேர வேண்டும். கூட்டம் முடியட்டும், நிலம் கைக்கு வரட்டும் என்று அவள் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் அவன் கேட்டான்.

"உனக்கு நான் முக்கியமா, அந்தப் பொட்டல் முக்கியமா?"

"இன்னைக்கு அதுதாங்க முக்கியம்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். இன்றைக்கு என்ற சொல்லை அவள் அழுத்திச் சொல்லியிருந்தாள். அவன் காதில் அந்தச் சொல் விழவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்த்துவிடுவதற்காக அவன் பிற்பகலில் அந்த நிலத்துக்குப் போனான். பம்பு அறையின் பித்தளை வால்வைத் தட்டிப் பார்த்தான், நல்ல வார்ப்பு என்று ஒப்புக்கொண்டான், கோபம் மட்டும் தணியவில்லை. குளத்தோரம் நடந்துகொண்டிருந்தபோது நகராட்சிக் கூடத்தில் கைகள் உயர்ந்தன. "நிலமும் நீரும் மரங்களும் கட்டடமும் மேலுள்ள யாவும் இன்றுள்ள நிலையிலேயே காக்கப்படும்" என்பது தீர்மானம். 'மேலுள்ள யாவும்' என்பது முதல் வரைவில் கிடையாது. வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று தட்டச்சு செய்யும்போது அவளாகச் சேர்த்தது.

நின்றுகொண்டிருந்தவை நின்றன, நடந்துகொண்டிருந்தவன் நடந்தான். வேலிவரை வந்தான். எல்லைக் கல்லுக்கு மேல் கால் எழவில்லை. கல்லைத் தாண்டிக் கையை நீட்டினால் கை மடங்கிக்கொண்டது. அவளால் உள்ளே போய்வர முடிந்தது, ஏனென்றால் தீர்மானம் நிறைவேறியபோது அவள் அந்த நிலத்தின் மேல் இல்லை. நாலு நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. ஐந்தாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நாத்தனார் மட்டும் வெளியூரிலிருந்து வந்து, வேலிக்கு வெளியே நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, "எங்கண்ணனைத் தட்டச்சு பண்ணிட்டியே" என்றாள். நாத்தனார் அதற்கப்புறம் அந்த ஊருக்கு வரவேயில்லை.

அவனுக்குப் பசிக்கவில்லை. தாடி வளரவில்லை. விரலில் இருந்த சிராய்ப்பு ஆறவில்லை, மோசமாகவும் இல்லை. ஆனால் அன்று பிற்பகல் அவனிடம் என்னென்ன இருந்தனவோ அத்தனையும் இருந்தன, கோபமும் சேர்த்து. அவள் தினமும் அலுவலகம் முடிந்து போவாள். பம்பு அறைப் படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். முதல் மாதம் மன்னிப்புக் கேட்டாள். முதல் வருடம் விளக்கம் சொன்னாள். அதன்பிறகு ஊர்ச் செய்தி சொன்னாள். எதற்கும் அவன் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஆறாம் வருடம் ஒருநாள் அவள் காதோரம் முதல் நரை தெரிந்தது. அவன் அதையே வெகுநேரம் பார்த்தான்.

"கோபம் போக மாட்டேங்குது. நானும் தினம் பார்க்கிறேன், போக மாட்டேங்குது" என்றான்.

அவள் நகராட்சித் தலைவரிடம் போகாமல் இல்லை. இரண்டே சொல்தான், எடுத்துவிடுங்கள் என்று பல மனுக்கள் கொடுத்தாள். தலைவர் நல்ல மனிதர்போல இருக்கை காட்டி, தண்ணீர் கொடுத்து, சட்ட ஆலோசகர் சொன்னதைச் சொன்னார். தீர்மானத்தைத் திருத்த வேண்டுமானால் மறுபடி சபைக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் கட்டுமான நிறுவனம் வழக்குப் போடக் காத்திருக்கிறது. "ரெண்டு சொல்லை எடுக்கப் போய் மொத்தத்தையும் எடுத்துட்டாங்கன்னா? நீங்க பாடுபட்டு வாங்கின நிலம்மா அது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் சொல்லாதது ஒன்று இருந்தது.

வரிப்பணத்தில் பாதி கட்டடச் செப்பனிடலுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதன்படி நீரேற்று நிலையத்தின் மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு போட ஒப்பந்தம் விடப்பட்டது. ஒப்பந்தக்காரர் தலைவரின் மருமகன். ஆட்கள் நாள் முழுக்கப் பூசினார்கள். மறுநாள் காலையில் சுவர் இன்றுள்ள நிலையிலேயே, அதாவது அன்றிருந்த நிலையிலேயே, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பூச்சு ஒரு பொட்டுகூட இல்லை. வேலை செய்தது உண்மை, ஆள் வந்தது உண்மை, படம் எடுத்ததும் உண்மை. ஆகவே தொகை வழங்கப்பட்டது. சுவர் பூசப்படாமலே இருந்ததால் அடுத்த வருடமும் ஒதுக்கினார்கள். அதற்கடுத்த வருடமும். மருமகன் மேற்குச் சுவரை வைத்தே மூன்று மாடி எழுப்பினார். தீராத சுவர் யாருக்கு வாய்க்கும்? அந்தப் பட்டியல்களை வருடா வருடம் தட்டச்சு செய்தது எழுத்தர்தான். "மேற்குச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஒரு முறை" என்று அடிக்கும்போது அவள் விரல் எழுத்தைத் தேடவில்லை. ஆய்வாளர் ஒருவர் வருடம் ஒருமுறை வந்து, குளத்தைச் சுற்றி நடந்து, "கொக்கு ஒன்று, மேகம் ஒன்று, ஆண் ஒருவர், மூன்றும் மாற்றமின்றி" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். அதையும் அவள்தான் கோப்பில் சேர்த்தாள்.

பத்தாம் வருடம் வரிக்கு மறுவாக்கெடுப்பு வந்தது. வரி தோற்றால் தீர்மானம் காலாவதியாகும், நிலம் ஏலத்துக்குப் போகும், அவன் வெளியே வருவான். இதை அவள் ஒளிக்காமல் அவனிடம் சொன்னாள். அவன் எதிர்த்துப் போடச் சொன்னான். வாக்குச்சாவடியில் அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்தப் பத்து வருடத்தில் ஊரில் வேறு ஒரு குளமும் மிஞ்சவில்லை. இதையும் விட்டால் அவன் உள்ளே இருந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியது. வரி தொடர வேண்டும் என்ற கட்டத்தில் குத்தினாள். வரி ஜெயித்தது. அன்று மாலையே போய்ச் சொன்னாள்.

அவன் பல்லைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு படியில் உட்கார்ந்துவிட்டான். "இதுக்கு மேல கோபப்பட முடியலடி. இடமில்லை" என்றான். அவன் கேட்காமலே அவள் அன்று சீக்கிரம் எழுந்து போனாள்.

அடுத்த பத்து வருடம் கடகடவென்று போனது. அவளுக்கு மூட்டு வலி வந்தது, கண்ணாடி வந்தது, பதவி உயர்வு மட்டும் வரவில்லை. வேலிக்குள் நுழைய முன்போல் குனிய முடியாததால் நகராட்சி அவளுக்காக ஒரு சின்னக் கதவு வைத்துக் கொடுத்தது. அதற்கும் பாதுகாப்பு நிதியிலிருந்துதான் செலவு. படியில் உட்கார்ந்திருக்கும் இருவரையும் பார்த்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் வெவ்வேறு விதமாக நினைத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. அவனுடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கும், அன்று பிற்பகல் மடங்கியது. அவள் தினமும் சரிசெய்வாள். மறுநாள் மடங்கியிருக்கும்.

இருபதாம் வருட வாக்கெடுப்புக்கு முன்னால் யாரோ மேற்குச் சுவரின் பட்டியல்களை நகலெடுத்து ஊர் முழுக்க ஒட்டினார்கள். ஒரு சுவருக்கு இருபது பூச்சு. யார் நகலெடுத்தது என்று விசாரணை நடந்தது. கோப்பு அறைச் சாவி எழுத்தரிடம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளைக் கேட்கவில்லை. இந்த முறை அவள் சாவடியில் தயங்கவில்லை. வரி வேண்டாம் என்று குத்திவிட்டு வெளியே வந்தாள். தான் பெற்ற பிள்ளையைத் தானே ஒப்புக்கொடுத்ததுபோல் இருந்தது. எண்ணிப் பார்த்தபோது வரி நானூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றிருந்தது. அவள் ஒரு வாக்கு எப்படிப் போட்டிருந்தாலும் தோற்றிருக்கும்.

தீர்மானம் காலாவதியான காலையில் கொக்கு காலைக் கீழே வைத்தது, நொண்டியது, பறந்தது. மேகம் கொட்டியது. அவன் நனைந்தபடி எல்லைக் கல்லைத் தாண்டி வந்து, "பசிக்குது" என்றான். அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். மூன்று வேளைச் சோற்றை ஒரே மூச்சில் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்தான். ஒரு மணி நேரம் போயிருக்கும். திடுக்கிட்டவன்போல் நிமிர்ந்தான்.

"கோபம் போயிடுச்சு" என்றான்.

எல்லாக் கோபத்தையும்போல அதுவும் அரை நாளில் தீர்ந்துவிட்டது. அவன் எழுந்து அவள் கையைப் பிடித்தான். அந்தக் கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு சொல்லுக்காக ஏழாயிரம் மாலைகள் காத்திருந்தவள் அவள். ஆனால் தனக்குள் தேடிப் பார்த்தபோது, ஈரத்தலையோடு இருக்கிறானே, சளி பிடித்துக்கொள்ளுமே என்ற கவலை ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது. துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

நிலத்தை அதே கட்டுமான நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. குளத்தைத் தூர்க்க ஒன்பது நாள் ஆயிற்று. நீரேற்று நிலையத்தை இடிக்கும் ஒப்பந்தம் தலைவரின் மருமகனுக்குப் போனது. மேற்குச் சுவரை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்று காரணம் எழுதப்பட்டது.

அவன் வேலை தேட அடையாளத்துக்குக் குடும்ப அட்டை வேண்டியிருந்தது. இருவரும் வழங்கல் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த இளைஞர் பழைய பதிவைப் பார்த்தார், ஐம்பத்து நான்கு வயது. ஆளைப் பார்த்தார், முப்பத்து நான்கு. பதிவில் பிழை என்று முடிவு செய்து, பிறந்த வருடத்தைத் திருத்தினார். திருத்தியதும் மனைவி என்ற உறவு பொருந்தவில்லை. விரல் விட்டு எண்ணினார்.

"பதினெட்டு வயசு வித்தியாசம். மகன்னு போட்டுடறேன்மா, சரியா வருது."

கணவன் என்று திருத்த வேண்டுமானால் நகராட்சித் தீர்மானம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தீர்மானங்கள் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் அவளைப் பார்த்தான். அவள் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் அந்த வாரத்திலிருந்தே "உங்க பையன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே" என்று சொல்லத் தொடங்கினார். முதலில் அவனுக்குச் சுருக்கென்றது. மழைக்காலம் முடிவதற்குள் பழகிவிட்டது. வேறு நகரத்து மருத்துவமனையில் குழாய்ப் பிரிவில் வேலை கிடைத்துப் போனான். ஒன்றாம் தேதி தவறாமல் பணம் அனுப்பினான், மூட்டு வலிக்கு மருந்து அனுப்பினான். கடிதத்தை யாருக்கென்று குறிப்பிடாமலே தொடங்குவான்.

இரண்டு வருடம் கழித்து அங்கே ஒரு செவிலியரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். எழுத்தர் முதல் நாளே பேருந்து பிடித்துப் போனாள். மணப்பெண் நல்ல மாதிரி, கலகலவென்று பேசுகிறவள், அவளை "அத்தை" என்று கூப்பிட்டு, படியேறும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பதிவாளர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, தாய் என்றிருந்த கட்டத்தைக் காட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். ஊர்ப் பெயரில் ஒரு கால் விடுபட்டிருந்ததைச் சுட்டிக் காட்டினாள். பதிவாளர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். அவள் கையெழுத்திட்டு, மை காயும்வரை பதிவேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பதிவாளர் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.