எழுந்து நிற்கக் கற்ற இயந்திரம்

லாபு முனியாண்டி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் என்றால் என் வலது முழங்கால் மடங்காமல் போகட்டும். இடது முழங்கால் ஏற்கனவே போய்விட்டது; அதை வைத்துச் சத்தியம் செய்வது முறையாகாது.

என் பெயர் அர்ச்சுனன். லாபுவில் ரப்பர் மரங்களைச் சாய்த்துக் கட்டிய பம்பு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வால்வு பூட்டுகிறேன். அதே மண்ணில்தான் என் அப்பா பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அதுதான் கிராணி, எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நிற்பார். பின்சீட்டில் இருந்த நான், எவனுக்காகவும் இப்படி நிற்கமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். அப்போது எனக்கு ஏழு வயது; முழங்கால் நன்றாக இருந்தது.

எங்கள் மேலாளர் சத்தியசீலனுக்கு வெள்ளை ஹெல்மெட். அது லைனுக்குள் நுழைந்தால் எல்லாரும் ஸ்டூலைவிட்டு எழ வேண்டும். போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருந்த நேரம் பார்த்து வந்தார். நான் எழக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

“என்னய்யா, மரியாதைக்கும் டாக்டர்கிட்ட எம்சி வாங்கி லீவு போட்டாச்சா?”

பதறி எழுந்தேன். ஸ்பிரிங் பறந்துவிட்டது.

“தேடு” என்றார்.

நாற்பது பேர் பார்க்க, மண்டிபோட்டு இருபது நிமிடம் தேடினேன். ஸ்பிரிங் அவர் சப்பாத்துக்கடியில் இருந்தது. நான் தேடி ஓய்ந்த பிறகுதான் காலை எடுத்தார். அன்றைக்கே மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்: இந்த மனிதன் மண்டிபோடாமல் நான் ஓயப்போவதில்லை.

மார்ச்சில் ரோபோ வந்தது. இரண்டு கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. பழைய ரோபோவுக்கு ஒரே சாமானை ஒரே இடத்தில் வைத்தால்தான் எடுக்கத் தெரியும். இது அப்படியில்லை. பதினேழு வகை வால்வு, கோணலாகக் கிடக்கும் திருகு, கைக்குக் கை நெளியும் ரப்பர் வளையம், எதுவானாலும் ஆள் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். கற்றுக்கொடுக்கும் ஆள் நான். பதிவு செய்பவள் இன்ஜினியர் மயூரி.

முதல் நாளே வெள்ளை ஹெல்மெட் வந்தது. வால்வை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

“அங்கிள், அவர் வரும்போது ரெக்கார்டிங்கை நிறுத்தட்டுமா?”

“எதுக்கு பாப்பா? வேலையில உள்ளது எல்லாத்தையும் கத்துக்கட்டும் லா.”

பிறகு அவரிடமே போனேன். “சார், நீங்க வந்து நின்னாதான் கை சுறுசுறுப்பா ஓடுது. அடிக்கடி வாங்க.”

மனிதருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்தார். நாற்பது தடவையும் முழங்கால் வலிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, வால்வை வைத்து, கையைத் தொங்கவிட்டு, கம்பம்போல் நின்றேன். மூன்று மாதம் இப்படி. வலி வரும்போதெல்லாம் அந்தச் சப்பாத்தை நினைத்துக்கொள்வேன், வலி இனிக்கும்.

கோலாலம்பூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். ரோபோ சரசரவென்று பூட்டியது. கைதட்டினார்கள். சத்தியசீலன் முன்னால் வந்தார். ரோபோ வால்வை வைத்தது, இரண்டு கையையும் தொங்கவிட்டது, நிமிர்ந்து நின்றது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார் ஒரு பெரிய மனிதர். தள்ளி நின்றார். ரோபோ அசையவில்லை. வாசலுக்குப் போனார். அசையவில்லை. கேட்டைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போனபிறகுதான் கை நகர்ந்தது. ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மறுபடி கம்பம்.

பொறுக்க முடியாமல் ஓடி வந்து அதன் கையைப் பிடித்து இழுத்தார். ஸ்பிரிங் பறந்தது.

“தேடுங்க” என்றார் பெரிய மனிதர்.

மண்டிபோட்டுத் தேடினார். ஸ்பிரிங் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். என் சப்பாத்து கொஞ்சம் உறுத்தியது.

அதோடு முடியவில்லை. ஒரு ரோபோ கற்றதை எல்லா ரோபோவுக்கும் அனுப்பிவிடுவார்களாம். அவரைப் பினாங்கு கிளைக்கு மாற்றினார்கள். அவர் நுழைந்ததும் அங்கிருந்த பன்னிரண்டும் நிமிர்ந்து நின்றன. வேலை போனது. சி ரூசா கடற்கரையில் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனார். மீ கோரெங் நூடுல்ஸ் கொண்டுவந்த ரோபோ தட்டைப் பாதி வழியில் தரையில் வைத்துவிட்டு மரியாதை செய்தது. வீட்டில் துணி துவைக்கும் மெஷின்கூட அவரைக் கண்டால் சுற்றுவதை நிறுத்திவிடும். கடைசியில் மெஷினே இல்லாத இடம் தேடி, கடற்கரை ஓரமாக இளநீர் வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் மோட்டாரில் போவேன். இறங்காமலே ஒன்று வாங்கிக் குடிப்பேன்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வழக்கம்போல், வெள்ளை ஹெல்மெட்டோடு சத்தியசீலன் லைனுக்குள் வந்தார். நான் எழுந்து நின்றேன். திரும்ப உட்காரப் பார்த்தால், வலது முழங்கால் மடங்கவில்லை.