பனியில் இரண்டு துளைகள்

பனியருவியில் ஏறுவது கைவேலை இல்லை, கால்வேலை. எங்கள் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கோடரியைத் தோளால் ஓங்கி வெட்டாதே, மணிக்கட்டால் சுண்டிப் போடு. காலில் கட்டிய இரும்பு முள்ளை உதைத்துப் பதித்தபின் குதிகாலைத் தூக்காதே, தாழ்த்து. கையை மடக்கித் தொங்காதே, நீட்டித் தொங்கு. மிலானிலிருந்தும் தூரினிலிருந்தும் வருகிற விருந்தாளிகளுக்கு முதல் நாள் காலை இதை ஓதியே எங்கள் ஆண்களுக்குத் தொண்டை கட்டிவிடும். இறங்குவதைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். எனக்குப் பேச வேண்டியது இறங்குவதைப் பற்றித்தான்.

கயிறு கட்ட மரமோ பாறையோ இல்லாத இடத்தில் பனிக்கட்டியிலேயே கட்டித்தான் இறங்கியாக வேண்டும். திருகாணி என்று ஒன்று இருக்கிறது. ஒரு சாண் நீளம், குழாய் மாதிரி உள்ளே வெற்றிடம். அதைத் திருகிச் சாய்வாக இரண்டு துளை போட வேண்டும், இரண்டும் உள்ளே ஆழத்தில் போய்ச் சந்திக்கிற மாதிரி. ஒரு துளையில் கயிற்றுத் துண்டை விட்டு, மறு துளை வழியாகக் கம்பியால் இழுத்து முடிச்சுப் போட்டால் அதுதான் வளையம். நீளக் கயிற்றை அதில் கோத்து இறங்குவோம். வளையம் தாங்குமா என்று பார்க்க, அதற்கு மேலே இன்னொரு திருகாணியைக் காவலுக்குப் போட்டு, ஒரு நாடாவால் நீளக் கயிற்றோடு தளர்வாக இணைத்து வைப்போம்; வளையம் பெயர்ந்தால்தான் பாரம் அதில் விழும். எடை கூடியவர் முதலில் இறங்குவார். வளையம் அசையவில்லை என்றால், கடைசி ஆள் காவல் திருகாணியைக் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு வெறும் வளையத்தில் இறங்க வேண்டும்.

என் கணவன் எத்தோரே தொண்ணூற்றிரண்டு கிலோ. நான் ஐம்பத்து நாலு. பன்னிரண்டு வருஷமாகச் சேர்ந்து ஏறுகிறோம். வளையம் போடுவது அவன், காவலோடு முதலில் இறங்குவது அவன், காவலைக் கழற்றிவிட்டுக் கடைசியில் வருவது நான். அவன் போட்ட வளையம் என்றால் தொட்டில் மாதிரி நினைத்து உட்கார்ந்துவிடுவேன்.

மலை வழிகாட்டிக்கான தேர்வுகளை எல்லாம் நான் எழுதித் தேறிவிட்டேன். ஆனால் ஊர் வழிகாட்டிகள் சங்கத்தில் சேராமல் எங்கள் ஊரில் வேலை கிடையாது. வருகிற விருந்தாளி எல்லாரும் சங்கத்து வாசலுக்குத்தான் வருவார்கள். சங்கத்தில் பதினான்கு பேர், பதினான்கும் ஆண்கள். எத்தோரே அவர்களில் ஒருவன். உள்ளே நுழைய ஒரே வழிதான் உண்டு. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிற ஒருவர் சபையில் எழுந்து, "இவர் போட்ட வளையத்தில் நான் கடைசியாக, காவல் இல்லாமல் இறங்கினேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் போதும், மற்றவர்கள் கை தூக்கிவிடுவார்கள்.

அந்த வாக்கியத்துக்காக மூன்று குளிர்காலம் எத்தோரேயின் பின்னால் அலைந்தேன். ஒரு வருஷம் பனி மெலிசு என்றான். மறு வருஷம் அவனுக்கு முழங்கால் வலி. மூன்றாம் வருஷம், "அவசரம் என்ன, அருவி எங்கயும் ஓடிப்போகாது" என்றான். ஓடுவதுதானே அருவிக்கு வேலை என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன். இந்தப் பிப்ரவரியில்தான் தப்பிக்க முடியாமல் ஒத்துக்கொண்டான். வியாழக்கிழமை ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்வது என்று முடிவாயிற்று.

எங்களோடு டாக்டர் பவேசியும் வந்தார். மிலான்காரர், பல் வைத்தியர், வருஷா வருஷம் எங்களிடமே வருகிறவர்.

"கிளெலியா, இந்த வருஷம் நான் நூத்திநாலு கிலோ. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அருவியின் அடியில் நின்று. "அருவி இடிஞ்சு விழுந்தா என் மேல பழி போடக்கூடாது."

"விழுந்தா உங்க மேலதான் டாக்டர் விழும். பழி தனியா வேற எதுக்கு?"

அன்று முன்னால் ஏறியது நான். அடியில் பனி நீலமாக, இறுக்கமாக இருந்தது. கோடரி 'தொக்' என்று ஒரே போடில் பிடித்தது. நடுவில் ஒரு திட்டு. அதற்கு மேலே வெயில் பட்டு வெளுத்த பகுதி. அங்கே போட்டால் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழும். மேல்தோலைச் சுரண்டிவிட்டு உள்பனியில் போட்டேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு திருகாணி, கயிறு மாட்டு, மூச்சு வாங்கு, மேலே போ. அருவித் தலையில் ஒரு லார்ச் மரம் உண்டு. அதில் கயிறு போட்டு மூவரும் நடுத் திட்டு வரை இறங்கினோம். அங்கிருந்து தரைக்கு நாற்பது மீட்டர். அங்கேதான் என் வளையம்.

நான் திருகத் திருக டாக்டர் பக்கத்தில் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு ஆழமா ஓட்டை போடறியே, மரத்துப்போக ஊசி போட்டியா?"

"அது பொறந்ததுல இருந்தே மரத்துப்போய்த்தான் கிடக்கு டாக்டர்."

எத்தோரே சிரிக்கவில்லை. துளைக்குள் ஊதிப் பார்த்தான். கண்ணை வைத்துப் பார்த்தான். கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். "இன்னும் கொஞ்சம் ஆழமாப் போட்டிருக்கலாம்."

"இன்னும் ஆழம்னா பின்னால இருக்கிற பாறையிலதான் போடணும்."

"சும்மா சொன்னேன்டி."

காவல் திருகாணியைப் போட்டு, கொக்கியால் நாடாவைத் தளர்வாக மாட்டினேன். முதலில் நான் இறங்கினேன். பிறகு டாக்டர், நூற்றுநான்கு கிலோவும் ஏதோ மூட்டை இறங்குகிற மாதிரி குலுங்கிக் குலுங்கி வந்தார். "வளையம் அசையல" என்று மேலேயிருந்து எத்தோரேயின் குரல் கேட்டது. பிறகு வெகுநேரம் அவன் வரவில்லை. டாக்டர் ஒரு சாக்லேட்டைத் தின்று முடித்து இன்னொன்றைப் பிரித்தார். அப்புறம்தான் கயிறு இறுகியது.

அவன் தரையில் கால் வைத்ததும் அவன் இடுப்பைத்தான் பார்த்தேன். காவல் திருகாணி இல்லை.

"உறைஞ்சு பிடிச்சுக்கிச்சு" என்றான் என் முகத்தைப் பார்க்காமல். "எவ்வளவோ திருகிப் பார்த்தேன், வரல. விட்டுட்டு வந்துட்டேன்."

நடக்கிறதுதான். வெயிலில் இளகிய நீர் நிழல் வந்ததும் திருகாணியோடு சேர்ந்து உறைந்துவிடும், என்ன செய்தாலும் வராது. நான் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். டாக்டர் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ரொட்டியும் ஃபொந்தினா சீஸும் போட்ட சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் "அம்மா ஏன் பாடறாங்க?" என்று அப்பாவைக் கேட்டார்கள்.

மறுநாள் காலை சுடுதண்ணீர் ஃபிளாஸ்கோடு கிளம்பினேன்.

"ஒரு திருகாணிக்காகவா போற? விடேன்" என்றான் எத்தோரே.

"என்னோட திருகாணி அது. உன்னோடதா இருந்தா விட்டிருப்பேன்."

அவன் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதையும் கவனிக்கவில்லை. சந்தோஷம் வந்தால் கண் அவிந்துவிடும் எனக்கு.

காட்டுப் பாதையாகச் சுற்றி அருவித் தலைக்குப் போய், லார்ச் மரத்தில் கயிறு போட்டுத் திட்டுக்கு இறங்கினேன். திருகாணி இருந்தது. அதில் மாட்டிய கொக்கியும் இருந்தது, நாடாவும் இருந்தது. திருகாணி உறைந்தது சரி, கொக்கியும் நாடாவுமா உறையும்? கழற்ற முடியாத திருகாணியை விட்டுவருகிறவன் கொக்கியையும் நாடாவையும் கழற்றிக்கொண்டுதான் வருவான். இவன் அப்படியே மாட்டி வைத்திருந்தான். அதுமட்டும் இல்லை. நான் தளர்வாக விட்டிருந்த நாடாவில் நடுவே ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கியிருந்தான். அதனால் அவன் பாரம் முழுவதும் திருகாணியில்தான் விழுந்திருந்தது. என் வளையத்தில் அவன் தொங்கவே இல்லை.

திருகாணியைத் தொட்டேன். ஓர் இரவு முழுக்க உறைந்த பிறகும் இரண்டு விரலுக்குத் திரும்பியது. ஃபிளாஸ்கைத் திறக்கவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். என் வேலையில் ஏதோ குறை இருக்கிறது, அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். துளை இரண்டையும் விரல்விட்டுப் பார்த்தேன். நடுவே நல்ல கனமான பனி, ஒரு கீறல் இல்லை, வெண்மை இல்லை. நூற்றுநான்கு கிலோ டாக்டரைத் தாங்கிய வளையம். அப்புறம்தான் கோபம் வந்தது. திருகாணியைப் பிடுங்கிப் பையில் போட்டேன். வெறும் வளையத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே துள்ளித் துள்ளி இறங்கினேன். பாதி வழியில் அழுகை வந்தது. வளையம் பாட்டுக்குத் தாங்கியது.

"கெடச்சுதா?" என்றான் வீட்டில்.

"கெடச்சுது."

"சுடுதண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல அவனுக்கு இரண்டு நாள் இருந்தது. அவனாகச் சொல்கிறானா என்று பார்க்கத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். வெள்ளியும் சனியும் போயின. விறகு வெட்டினான், பிள்ளைகளுக்குச் சறுக்குப் பலகையைத் தேய்த்துக் கொடுத்தான், சீட்டியடித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்குத் திருகாணியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எழுந்து நின்று ஏதாவது சாக்குச் சொல்லி மழுப்புவான், அடுத்த வருஷம் என்பான், அப்போது மேஜை மேல் வைத்து, நடந்ததைப் பதினான்கு பேரையும் கேட்க வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். சங்கத் தலைவர் செவெரீனோ, எழுபது வயதிலும் முதுகு வளையாதவர், என் பெயரை வாசித்துவிட்டு, "யார் பேசறது?" என்றார்.

எத்தோரே எழுந்தான். குரல் பிசிறவில்லை. "இவர் போட்ட வளையத்தில் நான் கடைசியாக, காவல் இல்லாமல் இறங்கினேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் உயிரை இவ கையில கொடுக்க நான் ரெண்டு தடவை யோசிக்க மாட்டேன்" என்றும் சொன்னான். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கணவனைத் தவிரப் பதின்மூன்று.

"கிளெலியா, நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் செவெரீனோ.

கை பைக்குள் திருகாணியின் மேல் இருந்தது. எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கட்டின புருஷனே நம்பாத வளையம், நாம் எப்படி நம்புவது என்பார்கள். தூக்கிய கைகள் இறங்கிவிடும். என் வேலைக்கு ஊரில் இருக்கிற ஒரே சாட்சி அவன் பொய். அதை நான்தான் காப்பாற்ற வேண்டும்.

"நன்றி" என்றேன். "நாளைக்குக் காலைல எனக்கு எந்த விருந்தாளின்னு சொன்னா போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். செவெரீனோ உள்ளே சங்கத்துச் சின்னத்தை எடுத்துவரப் போனார். எத்தோரே இரண்டு கிண்ணம் மூலிகைச் சாராயத்தோடு என்னிடம் வந்தான்.

"இப்போ திருப்திதானே?"

"நாடாவுல முடிச்சுப் போட்டிருந்தியே" என்றேன், பக்கத்தில் நின்றவருக்குக் கேட்காத குரலில்.

கிண்ணம் அவன் கையில் அப்படியே நின்றது. மறுப்பான் என்று பார்த்தேன். மறுக்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"நமக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்களே கிளெலியா."

"பன்னெண்டு வருஷமா நான் கடைசில இறங்கினேனே எத்தோரே. அப்போ அவங்க யார் பிள்ளைங்க?"

அதற்குள் செவெரீனோ வந்துவிட்டார். சின்னத்தைக் குத்துவதற்காகக் கோட்டின் காலரை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.