சட்டிக்குள் இன்னொரு கரண்டி

அச்சகத் தொழிலாளர் கேன்டீனில் புதன்கிழமை என்றால் வெளிநாட்டுச் சட்டி. ஒரு வாரம் பீன்ஸும் கொத்துக்கறியும் போட்ட காரமான சில்லி, அடுத்த வாரம் நிலக்கடலை அரைத்து ஊற்றிய கோழி ஸ்டூ, இன்னொரு வாரம் ஆரஞ்சுத் தோலும் ஆலிவும் சேர்த்து வேகவைத்த ஆட்டுக்கறி. பதினெட்டு வருடமாக அதைச் செய்துவருகிற தலைமைச் சமையல்காரியை எல்லோரும் சட்டியக்கா என்பார்கள். அவளுக்கும் அதில் கொள்ளைப் பெருமை.

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய வாசனையையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் காய் நறுக்கும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். அடுப்பை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

காது இருந்தது. கொதிக்கிற சத்தம் தடித்து, ஓரத்தில் லேசாகப் பொரிகிற சத்தம் கேட்டால் தண்ணீர் சுண்டிவிட்டது என்று அர்த்தம். உப்புக்குத்தான் சத்தம் கிடையாது. அதை அளந்து போட்டாள். மூன்று புதன்கிழமைகள் போயின. யாரும் வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. நாக்கே இல்லாமல் சமைக்கிறேனே, இது என்ன லேசுப்பட்ட கையா என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது புதன்கிழமை, வெங்காயமும் சிவப்பு மிளகாய்த்தூளுமாகக் கறி நாலு மணி நேரம் வெந்தது. புது மேலாளர் ருசி பார்க்க வருவதாகத் தகவல். மல்லித்தழை எடுக்க ஸ்டோருக்குக் கிளம்பியவள், கூடையை மறந்து பாதியில் திரும்பினாள். பாத்திரம் கழுவுகிற அவளுடைய நாத்தனார், ஈரக்கையோடு, சட்டிக்குள் கரண்டியை விட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சமையலறையில் அடுத்தவர் சட்டியில் கரண்டி வைப்பது, அடுத்தவர் பெட்டியைத் திறப்பது மாதிரி.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?"

நாத்தனார் கரண்டியை மறைக்கவில்லை. "முதல் புதன்கிழமையே பாதித் தட்டு மிச்சத்தோட திரும்பி வந்துச்சு அண்ணி. தட்டு கழுவுறவளுக்குத் தெரியாதா? உங்ககிட்ட சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. அதுலேருந்து நீங்க அந்தப் பக்கம் போறப்போ நான்தான் சரி பண்றேன்."

சட்டியக்காவுக்கு அவமானத்தில் முகம் சுட்டது. நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

சட்டிக்கு இன்னும் என்ன வேண்டும் என்று நாத்தனாரிடம் மெதுவாகக் கேட்டாள். உப்பு போதும், ஒரு மூடி வினிகர் மட்டும் என்றாள் நாத்தனார். சட்டியக்கா நகர்ந்து வழிவிட்டாள்.

மேலாளர் ஒரு கரண்டி சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார், பிரமாதம் என்றார். சட்டியக்கா அத்தோடு விட்டிருக்கலாம். அந்தப் பாராட்டுதான் அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"எனக்கு ருசி போயிடுச்சு சார். வேக வைக்கிறது நான், ருசி பார்க்கிறது இவ. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே நிக்கிறோம்."

மேலாளர் கிண்ணத்தை வழித்துக்கொண்டே யோசித்தார். பாத்திரத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது கரண்டிக்குக் கிண்ணத்தை நீட்டினார்.

சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தன் சமையல் எப்படி என்று பதினெட்டு வருடத்தில் யாரையும் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டாள்.

"எப்படி இருக்கு? அவசரப்படாம சொல்லு."

"முதல்ல வெங்காயம் இனிக்குது அண்ணி. காரம் பின்னாடி, மெதுவா வருது. கறி மெல்லவே வேண்டாம், அப்படிக் கரையுது."

சட்டியக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வயிறு நிறைந்தது.